‘இந்த ப்ளேன் வேண்டாம்’ என்றால் டிக்கெட்டை மாற்றித் தருவார்களா?

2025 ஜூன் 13 காலை, காபி ஆறுவதற்குள் நங்கநல்லூரிலிருந்து சித்தியின் போன். முந்தின நாள் மதியம் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், மேலே ஏறிய சில நொடிகளில் விழுந்திருந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் பிழைத்தவர் ஒருவர். ராத்திரி முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்த சித்திக்கு ஒரே கேள்விதான்.

“ஏண்டா, நம்ம டிக்கெட்டும் அந்த ப்ளேன்தானா?”

சித்திக்கு ஜூலை கடைசியில் லண்டன் பயணம். மகளுக்குப் பிரசவம். டிக்கெட்டை ஏப்ரலிலேயே எடுத்தாகிவிட்டது, எடுத்தவன் நான். வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி விமானம் மாறிப் போகும் டிக்கெட். புக்கிங்கைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது கட்டத்துக்கு ‘போயிங் 787-9’ என்று போட்டிருந்தது. அகமதாபாத்தில் விழுந்தது 787-8. ஒரே குடும்பம், இது கொஞ்சம் நீளம் அதிகம். அதைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

“எட்டோ ஒம்பதோ, எனக்கு அது வேண்டாம். வேற ப்ளேன்ல மாத்திக் குடு.”

விமானப் பயணம் எவ்வளவு பாதுகாப்பானது என்று புள்ளிவிவரம் எடுத்தேன். சித்தி போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் தெரிந்துகொள்ள ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு குறிப்பிட்ட மாடல் விமானத்தில் ஏற மனசு ஒப்பவில்லை என்றால், விமான நிறுவனம் டிக்கெட்டை மாற்றித் தருமா? பணம் திரும்புமா? பயப்படுவது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் சித்தியிடம் ஏற்கெனவே தோற்றவன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஆம்னி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு ‘மல்டி ஆக்சில் ஏசி ஸ்லீப்பர்’ என்று பார்த்து டிக்கெட் போடுகிறோம். வந்து நிற்பது சாதா செமி ஸ்லீப்பர் என்றால் அங்கேயே சண்டை. ஏனென்றால் பஸ் எந்த வகை என்பதைப் பார்த்துத்தான் காசு கொடுத்தோம், டிக்கெட்டிலும் அது இருக்கிறது. விமான டிக்கெட் அப்படி இல்லை. அதில் நமக்கு உறுதி தரப்படுவது எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எந்த வகுப்பு என்பவை மட்டும். புக் செய்யும்போது திரையில் தெரியும் ‘ஏ320’, ‘737-8’ எல்லாம் ஒரு தகவல். இன்றைய திட்டப்படி இந்த விமானம் வரும், அவ்வளவுதான். நாம் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் போடும் பயண நிபந்தனைகளில், முன்னறிவிப்பு இல்லாமல் விமானத்தை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி அநேகமாக எல்லா நிறுவனத்திலும் இருக்கும்.

இது ஏமாற்று வேலை இல்லை. அந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது. காலையில் சென்னையிலிருந்து ஹைதராபாத் போகும் விமானம் அங்கேயே நின்றுவிடாது. திரும்பி வரும், அப்புறம் கொச்சிக்குப் போகும், அங்கிருந்து மும்பை, ராத்திரி டெல்லி. இப்படி ஒரே விமானத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு நடைகள் கோத்து வைத்திருப்பார்கள். காலையில் ஹைதராபாத்தில் டயரில் ஒரு வெட்டு தெரிந்தால் போதும், மாலை வரைக்குமான அத்தனை நடையும் ஆட்டம் காணும். கைவசம் எந்த விமானம் சும்மா நிற்கிறதோ அதைத் தூக்கிப் போடுவார்கள். டிசம்பரில் புயல் வந்து மீனம்பாக்கத்தை மூடும் நாட்களில் கேட்கவே வேண்டாம். 2023 மிக்ஜாம் சமயத்தில் ஓடுபாதை முழுக்கத் தண்ணீர் நின்றதே, அப்புறம் திறந்தபோது எது எங்கே நின்றதோ அதை எடுத்துத்தான் ஓட்டினார்கள். விமானம் மாறுவதைத் தொழிலில் ‘எக்விப்மென்ட் சேஞ்ச்’ என்பார்கள். கால் சென்டரில் பேசும்போது இந்த வார்த்தை உதவும்.

வகுப்பு மாறினால் மட்டும் கதை வேறு. விமானம் மாறியதால் பிசினஸ் வகுப்பில் எடுத்தவரை எகானமியில் உட்கார வைத்தால் இழப்பீடு உண்டு. டிஜிசிஏ என்பது நம் நாட்டு விமானச் சேவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு. 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் அதன் விதிப்படி, உள்நாட்டுப் பயணம் என்றால் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75 சதவீதம். இருக்கை தரம் குறைந்தால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஏர்பஸ்ஸுக்குப் பதில் போயிங் வந்தால் விதி ஏதும் கிடையாது. அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 2024இல் அங்கே வந்த ரீஃபண்ட் விதி எதையெல்லாம் ‘பெரிய மாற்றம்’ என்று சொல்கிறதோ அதில் நேரம் மாறுவது, விமான நிலையம் மாறுவது, கூடுதலாக ஒரு இடத்தில் இறங்கி ஏறுவது, வகுப்பு குறைவது எல்லாம் உண்டு. விமானம் மாறுவது அந்தப் பட்டியலில் வருவது ஒரே ஒரு விதத்தில்தான். மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் தேவையான வசதி புது விமானத்தில் இல்லையென்றால்.

நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் இதன் காரணமும் புரியும். டிஜிசிஏ பறக்க அனுமதித்த விமானம் எல்லாம் பாதுகாப்பானது என்பதுதான் அவர்களுடைய நிலை. ‘அந்த மாடலுக்குப் பயமா? சரி, இலவசமாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சாதாரண நாளில் சொன்னால், பயப்படக் காரணம் இருக்கிறது என்று தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அப்படியும் சொன்ன காலங்கள் உண்டு. போயிங் 737 மேக்ஸ் கதை அதற்கு உதாரணம். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே மாடல், 157 பேர். இரண்டிலும் எம்கேஸ் என்ற தானியங்கி அமைப்பு, ஒற்றை சென்சாரின் தவறான அளவை நம்பி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. உலகம் முழுக்க மேக்ஸ் தரையில் நின்றது. இந்தியாவிலும் 2019 மார்ச்சில் நிறுத்தி, 2021 ஆகஸ்டில்தான் மறுபடி பறக்கவிட்டார்கள். 2020 கடைசியில் அமெரிக்காவில் மேக்ஸ் திரும்பி வந்தபோது, அதில் ஏற விருப்பமில்லாதவர்கள் வேறு விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று அமெரிக்கன், யுனைடெட் போன்ற நிறுவனங்கள் அறிவித்தன. பெரிய மனசுதான். ஆனால் அதே வருஷம் ஆகஸ்டில் கொரோனாவால் கூட்டம் இல்லாமல், பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு மாற்றக் கட்டணத்தையே அவர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைச்செலவு அதிகம் இல்லாத சலுகை.

2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9 ஒன்றில், நடுவானில் கதவு மாதிரியான அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பக்கச் சுவரில் ஓட்டையோடு இறங்கினார்கள், உயிரிழப்பு இல்லை. அமெரிக்க அரசு 171 விமானங்களை நிறுத்தியது. அப்போதும் கட்டணமில்லாமல் மாற்றிக்கொள்ள வழி தந்தார்கள். இதற்கு ‘டிராவல் வெய்வர்’ என்று பெயர். தமிழில் சொன்னால் கட்டண விலக்கு. அகமதாபாத் விபத்துக்குப் பிறகு ஏர் இந்தியா தன் பெரிய விமானங்கள் போகும் வெளிநாட்டுச் சேவைகளில் 15 சதவீதத்தைக் குறைத்தது. அதில் சிக்கியவர்களுக்கு இலவசமாகத் தேதி மாற்றம் அல்லது முழுப் பணம் என்று அறிவித்தது.

இந்த உதாரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். விலக்கு கிடைப்பது பெரும்பாலும் நிறுவனமே விமானத்தை ரத்து செய்யும்போது, நேரம் மாற்றும்போது, அரசு ஒரு மாடலை நிறுத்தும்போது. பயணியின் பயத்துக்காக மட்டும் தந்தது மேக்ஸ் திரும்பி வந்தது மாதிரியான அபூர்வமான சமயங்களில். அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கு, குறிப்பிட்ட தடங்களுக்கு. அறிவிப்பு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ‘பயண அறிவிப்புகள்’ பகுதியில் இருக்கும். வாட்ஸப்பில் வரும் ஃபார்வேர்டை நம்பி கவுன்டரில் போய் நிற்காதீர்கள்.

சித்தியின் டிக்கெட்டுக்கு அப்படி ஒரு விலக்கும் இல்லை. விபத்து வேறு நிறுவனத்தில், 787க்குத் தடையும் இல்லை. இந்தியாவில் டிஜிசிஏ கூடுதல் சோதனைகளுக்கு மட்டும் உத்தரவு போட்டது. ஜூலையில் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கை, இரண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் அணைந்த நிலைக்குப் போனதைச் சொன்னது. அந்த மாடலை ஓட்டும் மற்ற நிறுவனங்களுக்குப் பரிந்துரை எதுவும் அதில் இல்லை. நான் கால் சென்டருக்குப் போன் போட்டு, இருபது நிமிஷம் இசை கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், விமான மாடல் காரணமாக இலவச மாற்றம் இல்லை. மாற்றக் கட்டணம் 12,000, கட்டண வித்தியாசம் 19,000” என்றார். எனக்கே தலை சுற்றியது.

மாற்றக் கட்டணம் வேறு, கட்டண வித்தியாசம் வேறு. புதிதாக டிக்கெட் எடுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் கவுன்டரில் கோபப்படுகிறார்கள். மாற்றக் கட்டணம் என்பது டிக்கெட்டைத் தொட்டதற்கான கூலி. கட்டண வித்தியாசம் என்பது நீங்கள் மாறப் போகும் விமானத்தின் இன்றைய விலைக்கும் நீங்கள் முன்பு கொடுத்ததற்கும் உள்ள இடைவெளி. ‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் இரண்டாவது இருக்கும். இரண்டும் இல்லை என்றால்தான் முழு விலக்கு. கேட்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

உள்நாட்டு டிக்கெட் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. சென்னையிலிருந்து மும்பைக்கு 4,000 ரூபாய் டிக்கெட். அதில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 2,900. மீதி 1,100 வரியும் விமான நிலையக் கட்டணங்களும். நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 3,999 என்று இருக்கிறது. அப்படியானால் கையில் ஒரு ரூபாய்தான் மிஞ்சுமா? கிடையாது. டிஜிசிஏ விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. ஆக அவர்கள் எடுக்கக்கூடியது 2,900. மீதி 1,100 உங்களுக்கு வர வேண்டும். ‘நான்-ரீஃபண்டபிள்’, அதாவது பணம் திரும்பாது என்று போட்ட சலுகை டிக்கெட் என்றாலும் வரியும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும். புக் செய்தபோது பிடித்த கன்வீனியன்ஸ் கட்டணம் மட்டும் போனது போனதுதான்.

இப்போது மாற்றத்தைப் பாருங்கள். நீங்கள் விரும்பும் வேறு மாடல் விமானத்தின் இன்றைய விலை 6,000, மாற்றக் கட்டணம் 3,000. வித்தியாசம் 2,000 சேர்த்து மேலும் 5,000 கட்ட வேண்டும். அதற்குப் பதில் பழையதை ரத்து செய்து புதிதாக 6,000க்கு எடுத்தால்? 1,100 திரும்பும். ஆக மேற்கொண்டு ஆவது 4,900. ரத்து செய்வது நூறு ரூபாய் லாபம். அதோடு புது டிக்கெட்டை எந்த நிறுவனத்திலும் எடுக்கலாம். மாற்றினால் அதே நிறுவனத்துக்குள்தான் சுற்ற வேண்டும். விலை குறைந்த டிக்கெட்டுகளில் பல சமயம் கணக்கு இப்படித்தான் முடிகிறது. போட்டுப் பார்க்காமல் ‘சேஞ்ச்’ பட்டனை அமுக்காதீர்கள். விலை கூடின டிக்கெட்டில் இதே கணக்கு தலைகீழாக விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. திரும்பி வரும் பணத்தைக் கிரெடிட் ஷெல்லில், அதாவது நிறுவனத்திடமே இருப்பாகப் போட்டு வைப்பதா, கையில் வாங்குவதா என்பதைத் தீர்மானிப்பது பயணிதான். நிறுவனமாக உள்ளே போட்டுவிட்டு ‘அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடியாது. ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் பணம் திரும்புவதற்கான பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். வெளிநாட்டு நிறுவனம் என்றால் ரீஃபண்ட் விஷயத்தில் அவரவர் நாட்டு விதிப்படி. சித்தியின் டிக்கெட் இந்த வகை.

எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. டிக்கெட் எடுத்த பிறகு கொஞ்ச நேரம் கைவசம் இருக்கிறது, 2025 வரை அது 24 மணி நேரம். ‘லுக் இன்’ வசதி என்பார்கள். அந்த நேரத்துக்குள் ரத்து செய்தாலோ மாற்றினாலோ கட்டணம் கிடையாது, மாறும் விமானத்தின் விலை வித்தியாசம் மட்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்திருக்க வேண்டும், பயணத்துக்குக் குறைந்தது ஏழு நாளாவது இருக்க வேண்டும் என்பவை அப்போது டிஜிசிஏ வைத்திருந்த நிபந்தனைகள். 2025 நவம்பரில் இதை 48 மணி நேரமாக்கவும், நாள் கணக்கை மாற்றவும் டிஜிசிஏ ஒரு வரைவு வெளியிட்டது. ஆகவே நீங்கள் எடுக்கும் அன்று எது நடப்பில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலும் 24 மணி நேர விதி உண்டு, அங்கேயும் ஏழு நாள் கணக்குதான். டிக்கெட் எடுத்தவுடன் நிம்மதியாக மூடி வைக்காமல், அன்று ராத்திரியே உட்கார்ந்து என்ன மாடல் என்று பார்ப்பது இதனால்தான் நல்லது.

சரி, எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான தளங்களில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ‘விவரங்கள்’ என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும். அதில் மாடல் வரும். கயாக் என்ற டிக்கெட் தேடும் தளத்தில் தேடும்போதே வேண்டாத மாடலை நீக்கிவிட்டுத் தேடலாம். மேக்ஸ் விபத்துக்குப் பிறகு வந்த வசதி அது. சுருக்கக் குறியீடு மட்டும் இருந்தால் 7எம்8 என்பது 737 மேக்ஸ் 8, 32என் என்பது ஏ320 நியோ, 788, 789 இரண்டும் 787. ஏடி7 என்றால் ஏடிஆர் 72 என்ற சின்ன விசிறி விமானம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, விழாமல் இருக்க வேண்டும். ‘737-8’ என்றும் ‘737-800’ என்றும் இரண்டு உண்டு. பார்க்க ஒன்று மாதிரி இருக்கும், இரண்டும் வேறு. 737-800 பழைய தலைமுறை, அதில் எம்கேஸ் சமாச்சாரம் கிடையாது. 737-8 தான் மேக்ஸ் 8. ‘மேக்ஸ்’ என்பது விற்பனைப் பெயர், சான்றிதழில் இருக்கும் பெயர் 737-8. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இரண்டு வகையுமே ஓடுகின்றன. ஆகாசா ஏரில் இந்தக் குழப்பம் இல்லை, அவர்களிடம் இருப்பது எல்லாமே மேக்ஸ்தான். மேக்ஸ் வேண்டாம் என்பவர் அங்கே டிக்கெட் எடுத்துவிட்டு வேறு விமானம் கேட்டால், அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. ‘இண்டிகோ என்றால் ஏர்பஸ்தானே’ என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. உள்ளூர் தடங்களில் ஏடிஆர் ஓட்டுகிறார்கள், 2023இல் இஸ்தான்புல் தடத்துக்கு டர்க்கிஷ் ஏர்லைன்ஸிடமிருந்து போயிங் 777ஐயே வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானம் வரும் கூட்டு ஏற்பாடும் உண்டு. ‘இயக்குவது யார்’ என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் படியுங்கள்.

ஏடிஆர் என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று. சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், யாழ்ப்பாணம் போன்ற தடங்களில் பல வருஷமாக ஓடுவது இந்த இரட்டை விசிறி விமானம்தான். ‘ஃபேன் வச்ச ப்ளேன்’ என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக டிக்கெட் எடுத்தபோது மாமா ஒருவர் படியேறும் இடத்தில் நின்று விசிறியைப் பார்த்து, “இதுல போறதுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்லயே வந்திருப்பேனே” என்றார். அவரைச் சமாதானப்படுத்த ஏதாவது வழி இருந்ததா என்றால், வேறு மாடல் அந்தத் தடத்தில் இருந்தால்தானே மாற்ற முடியும்? தூத்துக்குடி ஓடுபாதை நீண்ட காலம் 1,350 மீட்டர் அளவுதான். பெரிய ஜெட் இறங்க அது போதாது, ஏடிஆருக்குப் போதும். 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடுபாதையை நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்த பிறகுதான் அங்கே ஏர்பஸ்ஸுக்கு வழி பிறந்தது. சின்ன ஊர்த் தடங்களில் மாடலைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள், மதுரை மாதிரி பக்கத்துப் பெரிய விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடிப்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

புக் செய்யும்போது ஒரு மாடல் காட்டி, நாளடைவில் வேறு மாடல் வருமா என்று பார்க்க, அதே விமான எண் கடந்த ஒரு வாரமாக என்ன விமானத்தில் பறந்தது என்று ஃப்ளைட்ரேடார் 24 போன்ற செயலியில் பார்க்கலாம். ஏழு நாளில் ஏழு நாளும் ஒரே மாடல் என்றால் ஓரளவு நம்பலாம். நான்கு நாள் இது, மூன்று நாள் அது என்றால் சீட்டு குலுக்கிப் போடுவது மாதிரிதான்.

இப்போது சித்தி விஷயம். 31,000 ரூபாய் கொடுத்து மாற்ற எனக்கு மனசு வரவில்லை. “பொறுங்க சித்தி, பாக்கலாம்” என்று தள்ளிப்போட்டேன். ஜூலை முதல் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் கட்ட விமானம் நான்கு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும், நடுவில் ஏழு மணி நேரக் காத்திருப்பு. கீழே பச்சையில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு பட்டன். அந்தப் பட்டனை அவசரப்பட்டு அமுக்காததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நேர மாற்றம் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வந்தால், பயணிக்கு இலவசமாக வேறு விமானமோ முழுப் பணமோ கேட்க வழி திறக்கிறது. எத்தனை மணி நேரம் மாறினால் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஆனால் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அமுக்கிவிட்டால் பெரும்பாலும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

போன் போட்டேன். இந்த முறை விமான மாடலைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. “நேர மாற்றம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, தனியாகப் பயணம், ஏழு மணி நேரம் உட்கார முடியாது. அடுத்த நாள் இந்த எண் விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் போட முடியுமா?” என்று கேட்டேன். அந்த எண்ணை நான் முன்கூட்டியே தேடி வைத்திருந்தேன், அது 777. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது, ஒரு பைசா செலவில்லை. இது அதிர்ஷ்டம்தான், எல்லாருக்கும் நேர மாற்றம் வரும் என்று காத்திருக்க முடியாது. ஆனால் வந்தால் விடக் கூடாது. இதற்காகத்தான் புக் செய்யும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கொடுக்கச் சொல்வது. ஏஜென்ட் தன்னுடையதைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் அவர் இன்பாக்ஸில் உறங்கும்.

கால் சென்டரில் பேசுவதில் எனக்குப் பட்டது இது. ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் திரையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. எந்த எண், எந்தத் தேதி, அதில் இடம் இருக்கிறது என்று தயாராகச் சொன்னால் அவர்களால் ஏதாவது செய்ய முடியும். பொய் சொல்ல வேண்டாம். கேள்வியை மட்டும் அவர்களால் பதில் சொல்ல முடிகிற மாதிரி கேளுங்கள். பணம் திரும்ப வேண்டிய இடத்தில் இழுத்தடித்தால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. இழுத்தடிப்புக்கு அது பலிக்கும். ‘மாடல் பிடிக்கவில்லை’ என்ற புகாருக்குப் பலிக்காது.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நோய், விபத்து, விமானம் ரத்து போன்றவைதான் சாதாரண பாலிசியில் காரணங்கள். மனசு மாறிப் போகாமல் இருந்தால் அதில் பணம் வராது.

கடைசியாக, விமான நிலையத்துக்கு வந்த பிறகு மாடல் மாறியது தெரிந்தால்? போர்டிங் வாயிலில் கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள், வந்து நிற்பது வேறு. ஏற மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கணக்கில் அது ‘நோ ஷோ’, அதாவது வராதவர். வரியும் விமான நிலையக் கட்டணங்களும் தவிர மீதி போய்விடும். திரும்பும் டிக்கெட்டும் அதே புக்கிங்கில் இருந்தால் பல நிறுவனங்கள் அதையும் சேர்த்து ரத்து செய்துவிடும். பெட்டியை ஏற்கெனவே போட்டிருந்தால் அதைக் கீழே இறக்கித் தேடி எடுக்க வேண்டும், மொத்த விமானமும் உங்களுக்காகத் தாமதமாகும். அதனால் கிளம்பும் அன்று காலையிலேயே செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டு, முடிவு எதுவானாலும் செக்கின் கவுன்டருக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள்.

சித்தி போகும்போது 777இல் போனார். மூன்று மாதம் கழித்து பேரனை விட்டுவிட்டு வர மனசில்லாமல் கிளம்பிய அன்று, நான் சென்னையில் உட்கார்ந்து செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்கும் 777தான் போட்டிருந்தது. விமானம் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது அந்த இடத்தில் ‘பி789’ என்று மாறியது. சித்தி அதற்குள் உள்ளே போய்விட்டார். போனை எடுத்தேன், வைத்தேன்.

மறுநாள் காலை மீனம்பாக்கத்தில் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், காரில் ஏறியதும் முதலில் சொன்னது இதுதான்:

“ஏண்டா, லண்டன்லேர்ந்து கிளம்பின ப்ளேன்ல ஜன்னலுக்கு மூடியே இல்ல. பட்டனை அமுக்கினா கண்ணாடியே நீலமா மாறுது. போறப்போ வந்த ப்ளேனைவிட இது எவ்வளவோ தேவலாம். அடுத்த தடவையும் இதுலயே போட்டுக் குடு.”

“சரி சித்தி” என்றேன்.